இப்டேக்குக் கட்டலாமா, கட்டளை வைக்கலாமா?

என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர், சங்கரன்கோவில் பக்கம். கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். முடித்து, இங்கே தெற்கு கரோலினாவின் கிரீன்வில்லில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. கல்விக்கடன் அடைந்துவிட்டது, கல்யாணம் இன்னும் ஆகவில்லை. கையில் கொஞ்சம் பணம் நிற்கிற பருவம். போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்: "அண்ணே, வருஷம் ஆயிரத்து இருநூறு டாலர் நல்ல காரியத்துக்கு ஒதுக்கலாம்னு இருக்கேன். இப்டேக்குக் கட்டிரட்டுமா? பசங்க படிப்புக்குத்தானே போகுது? கூடவே மேட்ச் டிக்கெட்டும் கிடைக்கும்ல?"

அந்தக் "கூடவே"யில்தான் விஷயமே இருக்கிறது. அன்றைக்கு டிபன் பாக்ஸை மூடுவதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். இப்டே என்பது கிளெம்சனின் விளையாட்டு அணிகளுக்காக ரசிகர்கள் வருஷா வருஷம் பணம் கட்டும் கிளப்; இப்படிப்பட்டதை இங்கே பூஸ்டர் கிளப் என்பார்கள். நான் கிளெம்சனை வைத்துச் சொன்னாலும், புளோரிடாவின் கேட்டர் பூஸ்டர்ஸ், புளோரிடா ஸ்டேட்டின் செமினோல் பூஸ்டர்ஸ், வேக் ஃபாரஸ்ட்டின் டீக்கன் கிளப் என்று எந்த ஊர் பூஸ்டர் கிளப்புக்கும் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

இப்டே என்பது ஐந்து ஆங்கில எழுத்துகளின் சுருக்கம். "வருஷத்துக்குப் பத்து கட்டுகிறேன்" என்று பொருள். 1931 அக்டோபரில் புளோரன்ஸ் என்ற ஊரில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், சிட்டடல் ராணுவக் கல்லூரியிடம் கிளெம்சன் 6-0 என்று தோற்றது. ஆட்டம் முடிந்தபின் பயிற்சியாளர் ஜெஸ் நீலியும் இன்னும் சிலரும் காருக்குள் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார்கள். வருஷம் 10,000 டாலர் கிடைத்தால் நல்ல அணியைக் கட்டிக் காட்டுகிறேன் என்றாராம் நீலி. பெருமந்தக் காலம் அது. ஆளுக்கு 50 டாலர் என்றால் யாரும் கிட்டே வரமாட்டார்கள். அட்லாண்டாவில் டாக்டராக இருந்த பழைய மாணவர் ரூபர்ட் ஃபைக், 1934 ஆகஸ்டில் தன் வீட்டில் கூட்டம் போட்டு, தொகையைப் பத்து டாலராக இறக்கிக் கிளப்பைத் தொடங்கிவிட்டார். காசு இல்லாதவர்கள் பாலாகவும் சர்க்கரைவள்ளிக் கிழங்காகவும் கீரையாகவும் கொடுத்ததை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். நம் ஊரில் கோயிலுக்கு நெல் அளப்பது மாதிரிதான். அன்றைய பத்து டாலர் இன்றைய விலைவாசியில் 240 டாலர் பக்கம் வரும். இந்த 240-ஐ ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த ஊர்க்காரர்களின் பாசத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். என் பர்ஸில் ஒரு இரண்டு டாலர் நோட்டு இருக்கிறது, ஓரத்தில் ஆரஞ்சு நிறப் புலிப்பாத முத்திரையோடு. 1977-இல் ஜார்ஜியா டெக் கல்லூரி கிளெம்சனோடு ஆடுவதை நிறுத்தப்போவதாகப் பேச்சு வந்தது. அப்போது இப்டேயை நடத்திக்கொண்டிருந்த ஜார்ஜ் பென்னட், அட்லாண்டா ஆட்டத்துக்குப் போகிற ரசிகர்கள் எல்லோரும் இரண்டு டாலர் நோட்டில் முத்திரை குத்தி ஓட்டலிலும் கடையிலும் அதையே செலவழிக்கச் சொன்னார். நாங்கள் வராவிட்டால் உங்கள் ஊருக்கு எவ்வளவு நஷ்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். இன்றும் வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் அந்த நோட்டைக் கொண்டுபோகிறார்கள். இப்படிப்பட்ட கிளப்பில் ஒரு ஓரமாகவாவது நம் பெயர் இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் தோன்றியது, இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, அந்தப் பணம் எங்கே போகிறது? கிளப் திரட்டும் ஆண்டு நிதி விளையாட்டுத் துறைக்குப் போகிறது. அங்கே விளையாட்டு மாணவர்களின் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகச் செலவு கணக்கில் ஏறி, விளையாட்டுத் துறையிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கே திரும்புகிறது. ஒரே வீட்டில் இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்கு மாறுகிற பணம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அந்த மாணவருக்குப் படிப்பு உண்மையிலேயே இலவசம்தான். வெளிமாநிலத்திலிருந்து வரும் வீரர் என்றால் கட்டணம் உள்மாநிலத்தைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு, அதனால் ஒரு ஸ்காலர்ஷிப்புக்கு நிறையப் பேரின் சந்தா தேவைப்படும்.

ஆனால் கொடுக்கிறவர் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் கொடுக்காவிட்டால் அந்தப் பையனின் படிப்பு நின்றுவிடுமா? கால்பந்து அணியைப் பொறுத்தவரை நிற்காது. தலைமைப் பயிற்சியாளர் டாபோ ஸ்வின்னிக்கு 2022-இல் பத்து வருஷத்துக்கு 11 கோடியே 50 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்ட துறை அது. 2017-இல் திறந்த கால்பந்துக் கட்டடத்துக்கு ஐந்தரைக் கோடி டாலர் செலவு. உள்ளே மேல்மாடியிலிருந்து கீழே இறங்க ஒரு சறுக்குமரம் வைத்திருக்கிறார்கள், நிஜமாகவே. இருபது வயதுப் பையன்களைக் கவர்ந்து இழுக்க அது தேவை என்பார்கள். இருக்கட்டும். அந்தத் துறையின் அடுப்பு என் ஆயிரம் டாலரை நம்பி எரியவில்லை, அவ்வளவுதான்.

மற்ற விளையாட்டுகளின் கதை வேறு. பூஸ்டர் கிளப் பக்கம் கொஞ்சம் நியாயம் இருப்பது இங்கேதான். என்சிஏஏ என்கிற தேசிய அமைப்பின் பழைய விதிப்படி கால்பந்து அணிக்கு 85 முழு ஸ்காலர்ஷிப். பேஸ்பாலுக்கோ 11.7, அதை 27 பேர் வரை பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆண்கள் டென்னிஸுக்கு 4.5. அரை ஸ்காலர்ஷிப், கால் ஸ்காலர்ஷிப் என்று கிழித்துக் கிழித்துக் கொடுப்பார்கள், மீதியை அப்பா அம்மா கட்ட வேண்டும். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு வருஷமும் தேசிய ஒற்றையர் பட்டம் வென்றது இந்த 4.5 காலத்தில்தான்.

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்த, மாணவ வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்குப் பிறகு இந்தக் கணக்கு மாறிவிட்டது. உடன்பாட்டுக்குள் வந்த பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்கிற உச்சவரம்பு வந்திருக்கிறது: கால்பந்துக்கு 105, பேஸ்பாலுக்கு 34, ஆண்கள் டென்னிஸுக்கு 10. அத்தனை பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். கொடுக்க வேண்டும் என்பதில்லை, கொடுக்கலாம். 4.5-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தைப் பணம் இருக்கிற இடம் நிரப்பும், இல்லாத இடம் விட்டுவிடும். நம் டாலருக்கு எடை இருப்பது அந்தப் பள்ளத்தில்தான். மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ் ஆடிய வேக் ஃபாரஸ்ட் அணி 2025-இல் தேசிய டென்னிஸ் பட்டம் வாங்கியதையும், அதே செப்டம்பரில் அவர் டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்தை எதிர்த்து ஜெயித்ததையும் பார்த்து உள்ளம் குளிர்ந்தவர்கள், பொது ஆண்டு நிதிக்கு எழுதும் செக்கை "டென்னிஸ் ஸ்காலர்ஷிப்புக்கு மட்டும்" என்று குறித்துக் கொடுக்க முடியுமா என்று விசாரிக்கலாம்.

அப்படிக் குறித்துக் கொடுத்தாலும் ஓர் ஆபத்து உண்டு. 2020 நவம்பரில் கிளெம்சன் தன் ஆண்கள் தடகள அணிகளையும் நெடுந்தூர ஓட்ட அணியையும் மூடப்போவதாக அறிவித்தது. வீரர்களும் பழைய மாணவர்களும் கொதித்தெழுந்தார்கள், பாகுபாடு என்று வழக்கு வரும் நிலை வந்தது. 2021 ஏப்ரலில் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். ஆண்கள் நீச்சல் அணிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை, அதை அதற்கு முன்பே மூடிவிட்டார்கள். ஆக, ஓட்டக்காரனுக்கு நாம் ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம், அவன் ஓடுகிற தடம் இருக்குமா என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. அணியை மூடினால் என் பணம் எங்கே போகும் என்பதைக் கொடுக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். கட்டும் தொகைக்கு ஏற்ப முன்னுரிமைப் புள்ளிகள் சேரும், புள்ளிக்கு ஏற்ப இருக்கையும் கார் நிறுத்த இடமும் கிடைக்கும். டிக்கெட் விலை தனி. அதாவது கட்டுகிற நன்கொடையில் பெரும்பகுதி, நல்ல இடத்தில் டிக்கெட் வாங்குவதற்கான உரிமைக்கு நாம் கொடுக்கும் விலை. வருமான வரிச் சட்டம் முப்பது வருஷமாக இதைக் கண்டுகொள்ளாமல் இருந்தது. 1988 முதல் இப்படிக் கட்டிய தொகையில் 80 சதவீதத்தை வரிவிலக்குக்குக் காட்டலாம் என்று தனிச் சலுகையே இருந்தது. 2018 முதல் அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். நான் அது தெரியாமல் அந்த வருஷமும் பழைய பழக்கத்தில் 80 சதவீதம் போட்டு, அப்புறம் என் மனைவி கண்டுபிடித்து, திருத்திய படிவம் அனுப்பி, வித்தியாசத்தைக் கட்டினோம். அன்று முதல் எங்கள் வீட்டுக் கணக்கு எக்செல்லில் இப்டே "தர்மம்" என்ற வரிசையிலிருந்து "பொழுதுபோக்கு" வரிசைக்கு மாறிவிட்டது, சினிமாவுக்கும் ஊட்டிப் பயணத்துக்கும் நடுவில். பொருத்தமான இடம் என்றே நினைக்கிறேன். இருக்கை உரிமை எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டினால் கதை வேறு, அது நன்கொடைதான். அப்படி எழுதிக் கொடுத்தவர் யாரையும் நான் இன்னும் நேரில் சந்தித்ததில்லை.

கிளப்பில் சேர்ந்தால் இன்னொரு ஒட்டும் உண்டு. என்சிஏஏ கண்ணில் நீங்கள் அன்று முதல் "பூஸ்டர்", அந்தப் பெயர் லேசில் போகாது. நம் ஊர்ப் பையன் அணியில் ஆடுகிறானே என்று ஊருக்குப் போக விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் விதிமீறல் ஆகி அவன் தலையில் விடியும். பொங்கலுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது என்றால்கூட, விளையாட்டுத் துறையின் விதிமுறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

கிளப்பின் பொது நிதி ஒரு வழி, ஒரு விளையாட்டின் ஸ்காலர்ஷிப்புக்கு என்று குறித்துக் கொடுப்பது இரண்டாவது. என்ஐஎல் என்ற மூன்றாவது வழியை நான் சீக்கிரம் தள்ளிவிடுவேன். தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுக் காசு பார்க்க மாணவ வீரர்களுக்கு 2021 ஜூலை முதல் அனுமதி. ரசிகர்கள் பணம் சேர்த்து வீரர்களுக்குக் கொடுக்கும் குழுக்கள் அப்போது முளைத்தன. அவற்றில் பலவற்றுக்கு அறநிறுவன வரிவிலக்குத் தகுதி இல்லை என்று வரித் துறையே 2023-இல் குறிப்பு எழுதிவிட்டது. இப்போது பல்கலைக்கழகமே நேரடியாக வீரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம்; 2025-26-இல் அதற்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. எண்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆட்டத்தை ஆடுகிறவனுக்குச் சம்பளம் போக வேண்டியதுதான். ஆனால் அது சம்பளம், படிப்புக்கான உதவி அல்ல. அதிலும் எஃப்-1 மாணவர் விசாவில் வரும் நம் பிள்ளைகள் இங்கே வேலை செய்து அப்படிச் சம்பாதிப்பது விசாவுக்கே ஆபத்து. ஸ்காலர்ஷிப் மட்டும்தான் அவர்களுக்குச் சிக்கல் இல்லாமல் கைக்கு வரும்.

நாலாவது, கட்டளை. இங்கே என்டோமென்ட் என்கிறார்கள். நம் ஊர்க் கோயிலில் அன்னதானக் கட்டளை வைப்பதுதான்: முதலைத் தொடாமல் வருகிற வருமானத்தில் வருஷா வருஷம் காரியம் நடக்கும். பெயர் வைத்த கட்டளைக்குக் குறைந்தபட்சம் 25,000, 50,000 என்று இடத்துக்கு இடம் மாறும். ஐந்து வருஷத்தில் தவணையாகக் கட்டப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நாலு நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கு வருஷம் 1,250 என்றால் ஐந்து வருஷத்தில் 25,000. அதில் நான்கு சதவீதம் எடுத்தால் வருஷம் 1,000 டாலர், என்றென்றைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே 25,000-ஐ நேரடியாகக் கொடுத்திருந்தால் அந்த ஐந்து வருஷத்திலேயே முழுப் பணமும் பிள்ளைகள் கைக்குப் போயிருக்கும், கட்டளை வழியில் அந்தத் தொகை போய்ச் சேர இருபத்தைந்து வருஷம் ஆகும். ட்யூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தை மறைக்கிற நம் பழக்கத்தைக் கிண்டல் செய்துவிட்டு, இங்கே வந்து பெயர் வைத்த கட்டளைக்கு ஆசைப்படுவதையும் நான் கவனித்திருக்கிறேன், என்னையும் சேர்த்துத்தான். அம்மா பெயரில் ஒன்று வைக்க வேண்டும் என்று எனக்கும் இருக்கிறது. அதை ஐம்பது வயதுக்கு மேல் யோசிக்கலாம் என்பது என் எண்ணம். தம்பிக்கு இருபத்தொன்பது.

கடைசியாக, யாரும் கைதட்டாத வழி: பல்கலைக்கழகத்தின் சாதாரணக் கல்வி உதவி நிதி. இதில் இருக்கையும் கிடையாது, புள்ளியும் கிடையாது. வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் பெல் உதவி அதிகபட்சம் வருஷம் 7,395 டாலர். தெற்கு கரோலினா லாட்டரிப் பணத்தில் கொடுக்கும் லைஃப் ஸ்காலர்ஷிப் 5,000, அதற்கும் மதிப்பெண் வேண்டும். இரண்டும் முழுசாகக் கிடைத்தால் உள்மாநிலக் கல்விக் கட்டணத்தில் பெரும்பகுதி தீரும், தங்குமிடமும் சாப்பாடும் அப்படியே நிற்கும். அந்த இடைவெளியில் ஆயிரம் டாலர் என்பது ஒரு பருவத்தைத் தாண்டுவதா, வீட்டுக்குத் திரும்புவதா என்கிற தொகை. நான் கேட்கச் சொன்ன கேள்விக்கு, கொடுக்காவிட்டால் நின்றுவிடுமா என்பதற்கு, "நின்றாலும் நிற்கும்" என்ற பதில் அடிக்கடி வருவது இங்கேதான்.

இதற்குள்ளேயே தேர்ந்தெடுக்கவும் இடமுண்டு. "கால் மீ மிஸ்டர்" என்று ஒரு திட்டம் 2000-இல் கிளெம்சனில் தொடங்கியது. தொடக்கப் பள்ளிகளில் கறுப்பின ஆண் ஆசிரியர்கள் மிகக் குறைவு, அவர்களை உருவாக்கப் படிப்புச் செலவுக்கு உதவுகிறார்கள். 1963-இல் ஹார்வி கான்ட் நீதிமன்றம் போய் ஜெயித்து நுழையும் வரை கறுப்பின மாணவர் ஒருவரைக்கூடச் சேர்க்காத கல்லூரியில் இப்படி ஒரு திட்டம் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். பெண்டில்டனில் இருக்கும் ட்ரை-கவுன்டி டெக்னிக்கல் கல்லூரியும் உண்டு. அங்கே ஒரு வருஷம் படித்து, வேண்டிய மதிப்பெண்ணோடு கிளெம்சனுக்கு மாறும் பாலத் திட்டம் 2006 முதல் நடக்கிறது. கட்டணம் குறைந்த கல்லூரி என்பதால் அங்கே நம் டாலர் கூடுதல் தூரம் ஓடும்.

கம்பெனி இணைத்தொகையையும் பார்க்க வேண்டும். நாம் ஒரு டாலர் கொடுத்தால் கம்பெனியும் ஒரு டாலர் போடும் திட்டம் எங்கள் கம்பெனியில் இருக்கிறது. இப்படித் திட்டம் வைத்திருக்கும் பல கம்பெனிகள் விளையாட்டு பூஸ்டர் கிளப்புகளுக்கும், பதிலுக்குச் சலுகை வாங்குகிற நன்கொடைகளுக்கும் இணைத்தொகை போடுவதில்லை. கல்வி நிதிக்குப் போடும். அதோடு 2026 முதல், செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் நிலையான கழிவை எடுத்துக்கொள்கிறவர்களும் ரொக்க நன்கொடையில் 1,000 டாலர் வரை, தம்பதியாகத் தாக்கல் செய்தால் 2,000 வரை, வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் தம்பிக்கு இப்படிச் சொன்னேன்: பாசத்துக்கு 240 டாலர் இப்டேக்குக் கட்டுங்கள், டாக்டர் ஃபைக் கேட்ட பத்து டாலர் அது. அதைத் தர்மக் கணக்கில் எழுதாதீர்கள். மீதி 960-ஐக் கல்வி உதவி நிதிக்குக் கொடுங்கள். ஆயிரத்துக்குள் இருப்பதால் முழுவதையும் வரிக்குரிய வருமானத்தில் கழிக்கலாம், கம்பெனியும் அதே 960 போட்டால் 1,920. டென்னிஸ்மேல் உயிரையே வைத்திருப்பவர் என்றால் 960-ஐ அப்படியே டென்னிஸ் ஸ்காலர்ஷிப்புக்குத் திருப்புங்கள், ஆனால் இணைத்தொகை கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்து திருப்புங்கள்.

தம்பி போனில் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். "அதெல்லாம் சரி அண்ணே, 240-க்கு சீட் எங்க போடுவான்?"

கிடைத்தால் மேலடுக்கின் உச்சியில், செப்டம்பர் மாத மதிய வெயில் நேரே முகத்தில் அடிக்கிற பக்கம் என்றேன். தொப்பி எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார்.